பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்: ரீபூட், ரீசெட், அப்டேட் – முழுமையான வழிகாட்டி

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் (இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று போக்குவரத்தை வடிகட்டுவது) ஓடும் பெட்டியில் ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டினால், அல்லது சீரியல் கேபிளில் 115200 வேகத்தில் இணைத்தால், கருப்புத் திரையில் 0 முதல் 16 வரை எண் போட்ட மெனு ஒன்று வரும். இதுதான் கன்சோல். பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம் ஒழுங்காக ஓடும்வரை யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது திறக்காத நாளில் இந்தப் பதினேழு வரிகள்தான் கைகொடுக்கும். அதில் 5 என்பது ரீபூட். அதற்கு மேலே உள்ள 4 என்பது மொத்த அமைப்பையும் துடைத்துவிடும் ஃபேக்டரி ரீசெட். இரண்டுமே "நிச்சயமா?" என்று கேட்கும். ஆனால் ஆபீஸே நெட் இல்லாமல் நிற்கும்போது அந்தக் கேள்வியை யார் படிக்கிறார்கள்?

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே எண்ணத்தில் எழுதுகிறேன். எந்தப் பிரச்சினைக்கும் அதைத் தீர்க்கக்கூடிய மிகச் சின்ன வேலையை முதலில் செய்யுங்கள். சர்வீஸ் ரீஸ்டார்ட் போதுமென்றால் ரீபூட் வேண்டாம். பழைய அமைப்புக்குத் திரும்பினால் போதுமென்றால் ரீசெட் வேண்டாம்.

பிஎஃப்சென்ஸை உருவாக்கும் நெட்கேட் நிறுவனம் விற்கும் பெட்டியானாலும் சரி, பழைய கம்ப்யூட்டரில் இரண்டு லேன் கார்டு போட்டு நீங்களே நிறுவியதானாலும் சரி, மெனு ஒன்றுதான். அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம்.

எல்லாவற்றுக்கும் முன்: அந்த ஒரு கோப்பு

ஃபயர்வால் ரூல், விபிஎன், டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுப்பது) ஒதுக்கீடு, யூசர்கள், சான்றிதழ்கள் என்று நீங்கள் வருஷக்கணக்கில் சேர்த்தது எல்லாம் கான்ஃபிக் எக்ஸ்எம்எல் என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. பெட்டி எரிந்து போனாலும் இந்தக் கோப்பு கையில் இருந்தால் வேறு பெட்டியில் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம். கோப்பு இல்லையென்றால் புத்தம்புதுப் பெட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எடுக்கும் முறை:

1. 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' போங்கள்.
2. பேக்கப் பகுதி 'ஆல்' என்றே இருக்கட்டும்.
3. வரைபடத் தரவை விட்டுவிடும் டிக்கை அப்படியே விடுங்கள். அதைச் சேர்த்தால் கோப்பு வீணாகப் பெருக்கும்.
4. என்க்ரிப்ஷன் டிக்கைப் போட்டு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். விபிஎன்னின் தனிச்சாவிகளும் பகிர்ந்த ரகசியச் சொற்களும் இந்தக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. இதை மெயிலில் திறந்தபடி அனுப்புவது ஆபீஸ் சாவிக்கொத்தைத் தபாலில் போடுவதற்குச் சமம்.
5. இறக்கிய கோப்பை ஃபயர்வாலுக்கு வெளியே வையுங்கள், ஃபயர்வால் செத்தாலும் எட்டக்கூடிய இடத்தில்.

கையால் செய்ய மறந்துவிடும் என்றால், 'சர்வீசஸ்' மெனுவில் 'ஆட்டோ கான்ஃபிக் பேக்கப்' இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் பெட்டியிலேயே பூட்டி, அதன் பிறகே நெட்கேட் சர்வருக்கு அனுப்பும். திரும்ப எடுக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு, இன்னொன்று அந்தப் பக்கத்தில் தெரியும் நீளமான டிவைஸ் கீ. இரண்டையும் இப்போதே தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எழாத அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியாது.

அப்புறம் ஒரு காகிதம். அதில் இவற்றை எழுதுங்கள்: எந்த போர்ட் வேன் (இணையப் பக்கம்), எந்த போர்ட் லேன் (உள் நெட்வொர்க் பக்கம்), லேன் ஐபி என்ன, பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இணைப்பாக இருந்தால் அதன் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண். இந்தக் காகிதம் பெட்டியின் மேலே ஒட்டியிருக்க வேண்டாம், பூட்டிய மேஜைக்குள் இருக்கட்டும்.

ரீபூட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம்

ரீபூட் செய்தால் பிரச்சினை மறையலாம். கூடவே காரணமும் மறையும். அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே பிரச்சினை வந்து நிற்கும். எனவே நிர்வாகப் பக்கம் திறக்கிறது என்றால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

டாஷ்போர்டில் 'ஸ்டேட் டேபிள்' (திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது நிரம்பினால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் ஓடும், புதிதாக எதுவும் திறக்காது. பாதிப் பேருக்கு நெட் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை என்ற புகார் வந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் இணைப்பு திறந்துகொண்டிருக்கும். அதைப் பிடுங்கினால் போதும்.

'ஸ்டேட்டஸ்' மெனுவில் 'கேட்வேஸ்' பாருங்கள். அங்கே சிவப்பு என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் ஃபயர்வாலில் இல்லை, லைனில். அதே மெனுவில் 'சர்வீசஸ்' பக்கத்தில் எது நின்றுபோயிருக்கிறது என்று தெரியும். தளப் பெயர்களை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் ரிசால்வர் மட்டும் நின்றிருந்தால் எதிரே உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். மூன்று வினாடி வேலை. இதற்காக ஐம்பது பேருடைய விபிஎன்னை அறுக்க வேண்டியதில்லை.

கடைசியாக 'சிஸ்டம் லாக்ஸ்' பக்கத்தின் கடைசிச் சில வரிகளைக் காப்பி செய்து வையுங்கள். லாக்கை ரேம் டிஸ்கில் வைக்கும்படி அமைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். ரேமில் இருப்பது ரீபூட்டில் போய்விடலாம்.

ரீபூட், ரீரூட், நிறுத்துவது

'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'ரீபூட்'. அங்கே சாதாரண ரீபூட்டோடு 'ரீரூட்' என்று இன்னொன்றும் இருக்கும். சாதாரண ரீபூட்டில் வன்பொருள் முதல் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரீரூட்டில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், மற்ற புராசஸ்கள் எல்லாம் நின்று, டிஸ்க் மறுபடி மவுன்ட் ஆகி, தொடக்க வேலைகள் மீண்டும் நடக்கும். வேகமானது. ஏதோ சர்வீஸ்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றினால் ரீரூட் போதும். லேன் கார்டு, டிரைவர் சம்பந்தப்பட்ட சந்தேகம் என்றால் முழு ரீபூட்.

கன்சோலில் 5 அடித்தாலும் இதே தேர்வுகள் எழுத்துகளாக வரும். சிங்கிள் யூசர் முறை என்ற ஒன்றும் அங்கே இருக்கும். பெட்டிக்கு எதிரில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். தொலைவிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி எழும், ஆனால் நெட்வொர்க் எழாது.

மின்சாரத்தைப் பிடுங்கி ரீபூட் செய்யும் பழக்கத்தை விடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய நிறுவல்களில் யுஎஃப்எஸ் என்ற கோப்பு முறை இருக்கும். திடீரென்று கரண்ட் போனால் அது கெட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 2022-இல் வந்த 2.6.0 பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களுக்கு இசட்எஃப்எஸ்தான் இயல்பான தேர்வு. அது இந்த அடியை நன்றாகத் தாங்கும். பழைய பெட்டியை அப்டேட் செய்தால் மட்டும் இசட்எஃப்எஸ் வந்துவிடாது, மறுபடி நிறுவ வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் யுபிஎஸ்ஸும், பேட்டரி தீருமுன் பெட்டியைத் தானாக ஒழுங்காக நிறுத்தும் நட் என்ற பேக்கேஜும் (தனியாகச் சேர்க்கும் கூடுதல் நிரல்) போடுங்கள்.

இடம் மாற்றவோ தூசி தட்டவோ நிறுத்துவதென்றால் கன்சோலில் 6, அல்லது 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'ஹால்ட் சிஸ்டம்'. முழுவதும் நின்ற பிறகு வயரை எடுங்கள். ஸ்பீக்கர் உள்ள பெட்டியாக இருந்தால் நிற்கும்போதும் எழுந்த பிறகும் ஒரு சின்ன ராகம் பாடும். சர்வர் அறைக்கு வெளியே நின்றாலே அது எழுந்துவிட்டது என்று காதால் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே போக முடியவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரீசெட் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் ரீசெட் செய்யப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் பலியாகின்றன.

நெட் ஓடுகிறது, நிர்வாகப் பக்கம் மட்டும் திறக்கவில்லை அல்லது பிழை காட்டுகிறது என்றால், கன்சோலில் 16 அடித்து அது முடிந்ததும் 11 அடியுங்கள். 16 என்பது நிர்வாகப் பக்கத்தின் நிரலை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் ரீஸ்டார்ட், 11 என்பது நிர்வாகப் பக்கத்தின் வெப்சர்வர் ரீஸ்டார்ட். ஃபயர்வால் வழியாகப் போகும் போக்குவரத்தை இவை தொடாது. பகல் நேரத்திலும் தைரியமாகச் செய்யலாம்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் 3. அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றும், ரூல்கள் எதற்கும் ஒன்றும் ஆகாது. அட்மின் கணக்கு முடக்கப்பட்டிருந்தாலும் மீண்டும் திறக்கும். லாகினை வெளி சர்வரிடம் ஒப்படைத்திருந்தால் அதையும் உள்ளூர்க் கணக்குக்குத் திருப்பும். உள்ளே போன கையோடு புதிய பாஸ்வேர்டு வையுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் வரும் யாரும் இதைச் செய்யலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், சரியாகத்தான் யோசிக்கிறீர்கள். 'சிஸ்டம்' மெனுவில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் கன்சோலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். அதைவிட முக்கியம் அந்த அறைக்கு ஒரு பூட்டு.

மூன்றாவது, நீங்களே எழுதிய ரூல் உங்களை வெளியே தள்ளிவிட்டது. எனக்கு இது நடந்திருக்கிறது. திருப்பூர் பக்கம் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகம். இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து விபிஎன் வழியாக உள்ளே போய் ஒரு தடை ரூலைச் சேர்த்தேன். வரிசையில் அதை ஓரிடம் கீழே வைத்திருக்க வேண்டும், மேலே வைத்துவிட்டேன். 'அப்ளை' அழுத்திய நொடியில் திரை உறைந்தது. அலுவலகத்தில் அப்போது இருந்தவர் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் மட்டும். போனில் சொல்லச் சொல்ல, பக்கத்து மேஜையின் மானிட்டரைக் கழற்றி பெட்டியில் மாட்டினார்.

"தம்பி, கருப்பா இருக்கு, ஒரு எண்டர் தட்டட்டுமா?"

"தட்டுங்கக்கா. நம்பர் போட்டு வரிவரியா வருதா?"

"ஆமா, 0-லேர்ந்து 16 வரைக்கும் இருக்கு."

"15 அடிச்சு எண்டர் குடுங்க. 4-ஐ மட்டும் தொட்டுராதீங்க."

15 என்பது அண்மைய அமைப்புகளுக்குத் திரும்புவது. நீங்கள் ஒவ்வொரு முறை 'சேவ்' அழுத்தும்போதும் பிஎஃப்சென்ஸ் பழைய அமைப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது, வழக்கமாகக் கடைசி 30. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரம், மாற்றிய யூசர், என்ன மாற்றம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். அக்கா வரிகளைப் படிக்கப் படிக்க, என் தவறான ரூலுக்கு முந்தைய வரியின் எண்ணைச் சொன்னேன். திரும்பியது. ஆனால் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும்: 15 கோப்பை மட்டும்தான் மாற்றுகிறது, ஓடிக்கொண்டிருக்கும் ரூல்களை அது தொடுவதில்லை. அதனால் அடுத்து 5 அடித்து ரீபூட் செய்யச் சொன்னேன். சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டேன். அன்று முதல் தொலைவிலிருந்து வேன் பக்கமோ விபிஎன் பக்கமோ ரூல் மாற்றுவதென்றால், கன்சோல் அருகில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்காமல் தொடங்குவதில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு பழைய மானிட்டரையும் நிரந்தரமாக மாட்டிவிட்டேன்.

அமைப்பைத் திருப்பாமல் ஒரு நிமிடம் உள்ளே போனால் போதும் என்றால் இன்னொரு வழி உண்டு. 8 அடித்து ஷெல்லுக்கு (நேரடியாகக் கட்டளை அடிக்கும் இடம்) போய், பிஎஃப்சிடிஎல் கட்டளைக்குப் பின் ஒரு இடைவெளி, ஹைஃபன், சின்ன டி எழுத்து. இது ஃபயர்வாலையே அணைத்துவிடும், கூடவே நேட்டும் (உள் ஐபிகளை வெளி ஐபியாக மாற்றுவது) நின்று உள்ளே உள்ளவர்களுக்கு நெட் போகும். வேன் கேபிளைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். ரூலைத் திருத்தி 'அப்ளை' கொடுத்ததும் ஃபயர்வால் தானாகத் திரும்ப ஏறிவிடும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேக்டரி ரீசெட்

இவ்வளவுக்குப் பிறகும் ரீசெட் வேண்டுமென்றால், நியாயமான காரணம் அநேகமாக இரண்டுதான். பெட்டியை முற்றிலும் வேறு இடத்துக்கு, வேறு வேலைக்குக் கொண்டுபோகிறீர்கள். அல்லது யாரோ அமைத்த, யாருக்கும் புரியாத குழப்பத்தை விட்டுப் புதிதாகத் தொடங்குகிறீர்கள்.

பேக்கப் எடுத்த பிறகு கன்சோலில் 4, அல்லது 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்'. அமைப்பு தொடக்க நிலைக்குப் போகும், பேக்கேஜ்களையும் நீக்கப் பார்க்கும், பிறகு ரீபூட் ஆகும். லேன் முகவரி 192.168.1.1, யூசர் அட்மின், பாஸ்வேர்டு பொருளின் பெயரே, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்.

இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இணைய நிறுவனம் கொடுக்கும் மோடமும் பல வீடுகளில், அலுவலகங்களில் இதே 192.168.1.1 தான். ரீசெட்டுக்குப் பின் வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். ஃபயர்வால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று திணறும், நெட் வராது. ரீசெட் சரியாக நடக்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை ரீசெட் செய்வார்கள். அது வேண்டாம். வேன் கேபிளைக் கழற்றுங்கள், கன்சோலில் 2 அடித்து லேன் ஐபியை 192.168.50.1 என்பதுபோல் மாற்றுங்கள், பிறகு கேபிளை மாட்டுங்கள்.

இன்னொன்று. ரீசெட் அமைப்பைத்தான் துடைக்கிறது, இயங்குதளக் கோப்புகளை அல்ல. டிஸ்கில் கோப்பு கெட்டுப்போய் பெட்டி அடிக்கடி விழுகிறது என்றால் ரீசெட் அதைச் சரிசெய்யாது, மறுநிறுவல்தான் தேவை. பெட்டியை விற்கும்போதும் ரீசெட்டை நம்ப வேண்டாம். டிஸ்கை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள், அல்லது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்

பிஎஃப்சென்ஸ் தானாக அப்டேட் ஆகாது. ஃபயர்வாலுக்கு அது நல்லது, ஆனால் பொறுப்பு உங்கள் தலையில். நான் பின்பற்றும் வரிசை இது.

1. புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் விபிஎன் முறை, உங்கள் பேக்கேஜ் இவற்றைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று மட்டும் தேடினால்கூடப் போதும்.
2. பேக்கப். மெய்நிகர் இயந்திரமாக ஓடினால் ஸ்னாப்ஷாட்டும். பிஎஃப்சென்ஸ் பிளஸ் (நெட்கேட்டின் வணிகப் பதிப்பு) இசட்எஃப்எஸ்ஸில் ஓடினால் பூட் என்விரான்மென்ட் வசதி உண்டு. அப்டேட் சொதப்பினால் முந்தைய முழு நிலையையே தேர்ந்தெடுத்து எழுப்பலாம்.
3. அப்டேட்டுக்கு முன் ஒரு ரீபூட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷமாக நிற்காமல் ஓடிய பெட்டியின் டிஸ்க் ரீபூட்டில் எழ மறுத்தால், அது அப்டேட்டின் குற்றமா டிஸ்கின் குற்றமா என்று பிறகு தெரியாது. முன்பே ரீபூட் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.
4. பேக்கேஜ்களை முதலில் அப்டேட் செய்யாதீர்கள். ஊடுருவலைக் கண்டறியும் ஸ்நார்ட், வேண்டாத தளங்களைத் தடுக்கும் பிஎஃப்பிளாக்கர் போன்ற பெரியவற்றை நீக்கிவிட்டு, அப்டேட் முடிந்ததும் மறுபடி நிறுவுவது நல்லது. பெரும்பாலான பேக்கேஜ்கள் நீக்கினாலும் தங்கள் அமைப்பைக் கோப்பில் வைத்துக்கொள்ளும். அப்படி வைக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
5. 'சிஸ்டம்' மெனுவில் 'அப்டேட்'. கிளையை (எந்தப் பதிப்புக்குப் போவது என்ற தேர்வு) சரிபார்த்து உறுதி செய்யுங்கள். பிரவுசர் வழியாக நம்பிக்கை இல்லையென்றால் கன்சோலில் 13.
6. காத்திருங்கள். ரீபூட் ஆகி எழுந்த பிறகும் பின்னணியில் வேலை நடக்கும், பேக்கேஜ்கள் அப்போதுதான் திரும்ப ஏறும். பக்கம் திறக்கவில்லை என்று பத்தாவது நிமிடத்தில் வயரைப் பிடுங்கினால் பாதியில் நின்ற நிறுவல்தான் மிஞ்சும். கன்சோல் திரையைப் பாருங்கள், வரிகள் ஓடுகின்றன என்றால் அது உயிரோடுதான் இருக்கிறது.

நாலாவது படிக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 2023-இல் 2.7.0 வந்தபோது அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி 12-லிருந்து 14-க்கும், பிஹெச்பி 7.4-லிருந்து 8.2-க்கும் தாவியது. பெட்டியில் 2.6.0 ஓட, அப்டேட் கிளை புதிய பதிப்பைச் சுட்டிக்கொண்டிருக்க, ஒரு சின்ன பேக்கேஜை நிறுவினால், அது தனக்குத் தேவையான நூலகங்களைப் புதிய பதிப்பிலிருந்து இழுத்து வரும். பழைய தளத்தின் மேல் புதிய நூலகம் உட்கார்ந்தால் நிர்வாகப் பக்கமே விழும். ஆகவே இப்போதைக்கு அப்டேட் வேண்டாம், பேக்கேஜ் மட்டும் வேண்டும் என்றால், 'சிஸ்டம் அப்டேட்' பக்கத்தில் கிளையை நீங்கள் ஓட்டும் பதிப்புக்கே மாற்றிவிட்டு, பிறகு பேக்கேஜ் மேனேஜரைத் திறங்கள்.

இரண்டு பதிப்புகளுக்கு இடையே வரும் சின்னத் திருத்தங்களுக்கு 'சிஸ்டம் பேட்சஸ்' என்ற பேக்கேஜை நான் எல்லாப் பெட்டியிலும் போடுகிறேன். பரிந்துரைக்கப்பட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்றலாம், பிடிக்கவில்லையென்றால் அதையே இறக்கலாம். பயன்படுத்தாத பேக்கேஜ் எதையும் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்த அப்டேட்டில் ஒரு தடைக்கல்.

ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி இரண்டு பெட்டிகளை ஜோடியாக ஓட்டுகிறவர்கள் எப்போதும் இரண்டாவதை முதலில் அப்டேட் செய்யுங்கள். அது நன்றாக எழுந்ததும், முதல் பெட்டியின் 'ஸ்டேட்டஸ்' மெனுவில் 'கார்ப்' (இரண்டு பெட்டிகளும் ஒரே ஐபியைப் பகிரும் முறை) பக்கத்தில் நிரந்தரப் பராமரிப்பு முறையை இயக்கினால் போக்குவரத்து இரண்டாவதுக்கு நகரும். பிறகு முதலாவது. இரண்டும் வேறு வேறு பதிப்பில் இருக்கும் இடைவேளையில் ரூல் எதையும் மாற்றாதீர்கள்.

மறுநிறுவல்

யுஎஸ்பியில் நெட்கேட் இன்ஸ்டாலரை எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்க் இன்னும் படிக்க முடிகிற நிலையில் இருந்தால், பழைய அமைப்புக் கோப்பை மீட்டெடுக்கும் தேர்வு இன்ஸ்டாலரிலேயே இருக்கும். கைவசம் பேக்கப் இல்லாதவர்களுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை, டிஸ்கை அழிக்கும் முன் அதை முயலுங்கள். பேக்கப் இருந்தால், புதிதாக நிறுவி, லேனில் ஒரு லேப்டாப்பை மாட்டி, 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' பக்கத்தில் கோப்பைக் கொடுங்கள்.

பெட்டி மாறியிருந்தால் லேன் கார்டுகளின் பெயரும் மாறும். கோப்பில் உள்ள பெயர்கள் புதிய பெட்டியில் இல்லை என்று கண்டதும், எந்த போர்ட் எது என்று உங்களைக் கேட்கும். கன்சோலில் 1 அடித்தாலும் அதே கேள்விதான். எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி எந்தப் பெயரில் இணைப்பு எழுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வேன், லேன் இரண்டையும் சரியாகச் சொன்னதும் பழைய ரூல்கள், விபிஎன், டிஹெச்சிபி எல்லாம் தம் இடத்தில் வந்து உட்காரும். பேக்கேஜ்கள் பின்னணியில் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அது முடிந்ததும் புதிய பெட்டியிலிருந்து முதல் பேக்கப்பை எடுத்துவிட்டு, பூட்டிய மேஜையில் உள்ள காகிதத்தில் போர்ட் பெயர்களைத் திருத்துங்கள்.